படுத்த கோடும் நின்ற கோடும்

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இப்போது படிக்கக் கண்ணாடி போடுகிறேன். அது வயசு, அந்தக் கணக்கு வேறு. நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதியை. அப்போது என் கண்ணைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளே ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இல்லை. சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறகு வந்து அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் நான். அப்பா ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் தொழிலாளி. பெண் பிள்ளைக்கு டைப் தெரிந்தால் போதும், பிறகு கல்யாணம் என்பது வீட்டுத் திட்டம். என்னுடைய திட்டத்தை யாரும் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்த ஒருவர், ஒரு கம்ப்யூட்டரை வாங்கி உள்ளறையில் வைத்துவிட்டு வாசலில் டி.டி.பி. சென்டர் என்று போர்டு மாட்டினார். ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே பஸ் ஏறிப் போய் நின்றேன். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். கீபோர்டைப் பார்க்காமல் தமிழ் அடித்துக் காட்டினேன். மறுநாளிலிருந்து அந்த நாற்காலி என்னுடையது.

எங்கள் தெருவில் மில் வேலைக்குப் போகிற பெண்கள் உண்டு. பேண்டேஜ் துணி மடிக்கப் போகிறவர்கள் உண்டு. ஏ.சி. அறையில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போய், ஒரு மெஷினைத் தன் மெஷின் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். ஏ.சி. எனக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் குளிர் என் மேலும்தானே பட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கோர்ட் வேலை பாதி, கல்யாணப் பத்திரிகை பாதி. பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் தனியாக வரமாட்டார்கள். பெண் வீட்டிலிருந்து ஒரு கூட்டம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கூட்டம். என் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஸ்கிரீனில் பேர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்து, யார் பேருக்கு மேலே யார் பேர் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிரிண்ட் போகும். முதலில் இருந்த மானிட்டரில் ஒரு நேரத்தில் பாதிப் பத்திரிகைதான் தெரியும். கீழே இருக்கும் சித்தப்பா பேரைக் காட்ட நகர்த்தினால், மேலே போய் மறைந்த தாய்மாமா இன்னும் அங்கேயே இருக்கிறாரா என்று சந்தேகம் வந்துவிடும். மறுபடியும் மேலே போக வேண்டும். ஒரு பத்திரிகைக்கு ஒரு முழுக் காலை நேரம் போய்விடும்.

அதற்காகத்தான் அண்ணாச்சி மதுரைக்குப் போய்ப் புது மானிட்டர் வாங்கி வந்தார். அதில் ஆயிரத்து இருபத்து நாலு புள்ளி அகலத்துக்குப் படம் வரும். அந்த எண்ணை அவர் ஒரு பட்டத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, மேஜை மேல் ஏற்றினார். உண்மையிலேயே முழுப் பத்திரிகையும் ஒரே பார்வையில் தெரிந்தது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நானும்தான்.

அந்த வாரமே எனக்குத் தலைவலி ஆரம்பித்தது.

ஸ்கிரீனில் மெல்லிய கோடு எதைப் போட்டாலும் அது நடுங்கியது. எழுத்துக்களிலும் அப்படித்தான். ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் அடியில் படுத்திருக்கும் கோடு துடித்தது, நின்றிருக்கும் கால் சும்மா நின்றது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்தால் என்ன ஆகும்? நெற்றிப் பொட்டில் யாரோ விரலால் தட்டிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் அறை வாசலில் நின்று, திரைச்சீலையை விலக்கி, அங்கிருந்தே பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆடலையே தாயி."

"கிட்ட வந்து பாருங்க அண்ணாச்சி."

"நேத்து வாங்குன சாமான ஆடுதுங்கியே. ஒனக்கு ஒறக்கம் பத்தலயோ என்னமோ."

அதோடு போய்விட்டார். அப்புறம் ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். பக்கத்துப் பால்கோவாக் கடை அம்மா, காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறுவதுதான் காரணம் என்றார். கோர்ட்டிலிருந்து பேப்பர் கொண்டுவரும் வக்கீல் குமாஸ்தா, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். என்னவெல்லாம் சரியாகும் என்று கேட்டேன், பேப்பரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அப்பா மட்டும் உருப்படியாக ஒரு காரியம் செய்தார். ராஜபாளையத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, எழுத்துக்களை வாசிக்கச் சொல்லி, கடைசி வரிவரை நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, கண்ணில் ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்றார்.

வெளியே வந்து அப்பா கேட்டார். "அப்ப ஏம்ட்டி தல வலிக்கு?"

"மானிட்டரு சரியில்லப்பா."

"அவ்வளவு பெரிய மெஷினு சரியில்ல, நீ சரியா இருக்கயோ?"

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அப்படித்தான் தோன்றியது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. டாக்டர் கண்ணில் குறையில்லை என்று சொன்னதால் என் வழக்கு ஜெயிக்கும் என்று நினைத்தேன். ஜெயிக்கவில்லை. கண்ணில் இல்லையென்றால் மனசில் என்று ஆகிவிட்டது. "வேலை புடிக்கலன்னா விட்டுருட்டி, எதுக்கு இப்படி நடிக்க" என்று அம்மா சொன்னாள். வேலை பிடித்துத்தான் தொலைத்தது, அதுதான் பிரச்சினை என்று யாருக்கு விளக்குவது?

இப்படி இருக்கும்போதுதான் சேத்தூரிலிருந்து ஒரு பெண் வீட்டார் பத்திரிகை பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா. மணமக்கள் பேரைப் பெரிய எழுத்தில் போட்டு, ஒவ்வொரு பேருக்குக் கீழும் நூல்போல மெல்லிய கோடு இழுத்திருந்தேன். அழகாகவே இருந்தது. அப்பாவும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த அத்தைக்கு மட்டும் பெஞ்சிலிருந்து எழுத்துத் தெரியவில்லை. எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். அந்த மானிட்டரை என்னைத் தவிர அவ்வளவு கிட்டத்தில் பார்த்த முதல் ஆள் அவர்.

"ஏம்மா, மாப்பிள்ள பேருக்கு அடியில என்னது நடுங்குது?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒங்களுக்குத் தெரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியுதே. வெடவெடன்னுல்லா நடுங்குது."

அந்த ஒரு நிமிடத்துக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த நிமிடம் அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பி, "தம்பி, இது சகுனம் சரியில்ல" என்றார். பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தார். பெண் பேருக்குக் கீழேயும் அதே கோடு, அதே நடுக்கம்தான். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் அவசரமாக ஒரு பிரிண்ட் எடுத்துக் காட்டினேன்.

"பாருங்கம்மா, தாளுல ஆடாது. மெஷின்லதான் ஆடுது."

"தாளுல ஆடாட்டி என்ன? ஆடுனத நான் பாத்துட்டேம்லா."

சத்தம் கேட்டு அண்ணாச்சி உள்ளே வந்தார். மானிட்டரில் குறை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அந்த மானிட்டரைக் காட்டித்தான் ஊரில் பாதிப் பத்திரிகையைப் பிடித்து வைத்திருந்தார். என்னைக் கையால் காட்டினார்.

"மெஷின் மேல குத்தமில்ல. இந்தப் புள்ளைக்குத்தான் கண்ணு கொஞ்சம் கோளாறு. என்னத்தையோ மாத்தி அமுக்கிட்டு. நான் சரி பண்ணித் தாரேன்."

அவர்களைச் சமாதானப்படுத்தி, கோடே இல்லாத பத்திரிகையாக அடித்துக் கொடுத்தோம். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது என்று கேள்வி. ஆனால் ‘கண்ணு கோளாறு’ சேத்தூருக்குப் போய், அங்கிருந்து எங்கள் தெருவுக்கு என்னை முந்திக்கொண்டு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பேசிப் போன ஒரு மாப்பிள்ளை வீட்டார் அதன் பிறகு வரவில்லை. அதற்காக நான் அழவில்லை. அந்த நாற்காலி போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

அண்ணாச்சிக்கும் உள்ளுக்குள் பயம் வந்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தார். டை கட்டிய ஆள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு சந்தேகமும் இல்லாமல் சொன்னார்.

"இது இன்டர்லேஸ்டு மானிட்டர் சார். இப்படித்தான் இருக்கும். ஸ்கிரீன்ல படம் வரி வரியாத்தான் விழும். ஒத்தைப்படை வரியெல்லாம் ஒரு தடவ வரையும், ரெட்டைப்படை வரியெல்லாம் அடுத்த தடவ வரையும். ரெண்டும் சேந்துதான் முழுப் படம். டிவிகூட அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுதே" என்றேன்.

"தெரியுதுன்னா டாக்டரத்தான் பாக்கணும் மேடம்."

அவர் சொன்ன விஷயம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு பாத்தி விட்டு ஒரு பாத்தி தண்ணீர் பாய்ச்சினால் என்ன ஆகும்? இந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது அந்தப் பாத்தி காய்ந்திருக்கும். மடையைத் திருப்பி அங்கே பாய்ச்சும்போது இங்கே காயும். ஸ்கிரீனில் ஒரு வரி வெளிச்சமாகும்போது பக்கத்து வரி மங்கிக்கொண்டிருக்கும். என் மெல்லிய கோடு ஒரே ஒரு வரியில்தான் கிடக்கிறது. அது தன் முறைக்குக் காத்திருந்து காத்திருந்து எரிந்தால் நடுங்காமல் என்ன செய்யும்? டிவியை யாரும் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதில் நூல்போலக் கோடும் வருவதில்லை.

"விட்டு விட்டு வரையாம எல்லா வரியும் சேத்து வரையற மானிட்டர் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. நான்-இன்டர்லேஸ்டு. வில கூட. இதே மானிட்டரு எண்ணூறுல ஓடுனாலும் நான்-இன்டர்லேஸ்டுதான்."

மாற்றிக் காட்டச் சொன்னேன். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அகலம் ஆயிரத்து இருபத்து நாலிலிருந்து எண்ணூறுக்கு இறங்கியது. எழுத்தெல்லாம் பெரிதானது. கோடு அப்படியே நின்றது. ஒரு துடிப்பு இல்லை. எத்தனையோ நாளாகக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் திடீரென்று நின்றதுபோல இருந்தது எனக்கு. அண்ணாச்சி பார்த்தது வேறு.

"பாதிப் பத்திரிகையக் காங்கலையே. இதுக்கா மதுரைக்குப் போயி வாங்குனேன்? பழையபடி வையிங்க தம்பி."

பழையபடி வைத்தார். நான் விடவில்லை. இருவரும் நிற்கும்போதே ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். மெல்லிய கோடு ஒன்றைப் படுக்கையாகப் போட்டேன். அதே பருமனில் இன்னொன்றை நிற்க வைத்தேன். "ரெண்டு பேரும் வந்து குனிஞ்சு பாருங்க" என்றேன். குனிந்தார்கள். படுத்த கோடு வெடவெடத்தது. நின்ற கோடு தூண்போல நின்றது. அதற்கு எல்லா வரியிலும் ஒரு புள்ளி உண்டு, எப்போதும் பாதியாவது எரிந்துகொண்டிருக்கும்.

"கண்ணு கெட்டவளுக்கு ரெண்டு கோடும்லா ஆடணும் அண்ணாச்சி? படுத்ததுக்கு ஒரு கண்ணு, நின்னதுக்கு ஒரு கண்ணா வச்சிருக்கேன்?"

இன்ஜினியர் பையை மூடினார். "டெக்னிக்கலா மேடம் சொல்றது கரெக்ட்தான் சார்" என்றார், என்னைப் பார்க்காமல். அண்ணாச்சி நிமிர்ந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. தெரிந்த பிறகுதான் அதிகக் கோபம் வந்தது.

"கோடு போட்டுக் காட்டுறாளாம். ஒனக்கு வாயி ரொம்ப நீளுது தாயி."

போகும்போது இன்ஜினியர் மானிட்டர் முன்னால் தொங்கவிடும் கறுப்புக் கண்ணாடி ஒன்றை விற்றுவிட்டுப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் கோடு முன்பைவிட இருட்டாக நடுங்கியது.

அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது என் நாற்காலியில் அண்ணாச்சியின் மச்சினன் உட்கார்ந்திருந்தான். பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்தவன், என்னைவிட இளையவன். என்னை வெளியே வாசலோரம் பழைய டைப்ரைட்டரில் உட்காரச் சொன்னார்கள். "ஒன் கண்ணுக்கு நல்லதுன்னுதான்" என்றார் அண்ணாச்சி. வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். போகவில்லை. ரோஷம் இருந்தால் போயிருப்பாள் என்று வீட்டில்கூடச் சொன்னார்கள். என் ரோஷம் எழுந்து போகிற வகை இல்லை. தெருவெல்லாம் கேட்கிற மாதிரி டைப் அடித்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும், தாள் சுற்றிய கேரேஜை ஓங்கித் தள்ளினேன். உள்ளே அந்தப் பையன் தமிழ் எழுத்துக்களைக் கீபோர்டில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டார் பெஞ்சில் கொட்டாவி விட்டார்கள்.

மாதம் முடியவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"தல பொளக்குது அத்தான். எழுத்தெல்லாம் ஆடுது."

நான் டைப்ரைட்டரில் இருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். உறக்கம் பத்தலையா என்று அண்ணாச்சி கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. காலையில் சாப்பிட்டாயா என்று பால்கோவாக் கடை அம்மா கேட்கவில்லை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று குமாஸ்தா சொல்லவில்லை. யாரும் அவனுக்கு உப்பு மிளகாய் சுற்றவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப்போகவும் இல்லை. "ஆமாடே, அந்த மானிட்டரு சரியில்லதான்" என்றார் அண்ணாச்சி. அந்த வாரமே மதுரைக்குப் போய் நான்-இன்டர்லேஸ்டு மானிட்டர் வாங்கி வந்தார். எனக்கு வலித்தபோது கெட்டுப்போயிருந்தது என் கண். அவனுக்கு வலித்தபோது கெட்டுப்போனது மானிட்டர். இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வரட்டும், அதை அணைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

புது மானிட்டர் மேஜை ஏறிய மறுநாள், வழக்கமான பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்தேன். கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றினேன். நேராக உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, முழு அகலமும் தெரிகிற அதே ஆயிரத்து இருபத்து நாலில், படுக்கையாக ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். அது கல்வெட்டு மாதிரிக் கிடந்தது.

மச்சினன் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். பின்னால் அண்ணாச்சி வந்தார்.

"ஏ தாயி, எந்திரி. தம்பிக்கு வேல கெடக்கு."

"இந்த மானிட்டரு வேணும்னு மொதல்ல கேட்டது யாரு அண்ணாச்சி?"

"அதுக்காக?"

"அதுக்காக எந்திரிக்க மாட்டேன்."

பத்திரிகைக்கு வந்த குடும்பம் ஒன்று அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. கையெழுத்துப் பேப்பரை வாங்கி அடிக்க ஆரம்பித்தேன். என் கை போன வேகத்தைப் பார்த்து அந்த வீட்டுப் பெரியவர், "இந்தப் புள்ளையே அடிக்கட்டும்" என்றார். மச்சினனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"அக்காவே இருக்கட்டும் அத்தான். அவியதான மொதல்ல சொன்னாவ" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான். அந்தக் கடையில் உண்மையை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவன்தான். அண்ணாச்சி திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனார்.

பழைய மானிட்டர் வீணாகப் போகக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. பழைய சி.பி.யு. ஒன்றைத் தேடிப் பிடித்து, வாசலோரம் தன் மேஜையில் அந்த மானிட்டரை வைத்துக்கொண்டார். வருகிற போகிறவர்கள் பார்க்கிற மாதிரி, குங்குமம் வைத்து. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து அவரே தட்டிக்கொண்டிருப்பார். நான் தினமும் அதைத் தாண்டித்தான் போவேன், வருவேன். முதல் இரண்டு மூன்று நாள் அவர் அடிக்கடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்ப்பதைப் பார்த்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அந்த ஸ்கிரீனில் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிந்தது. நின்று குனிந்து பார்த்தேன். பாதிப் பக்கம்தான் தெரிந்தது. கோடுகள் ஆடவில்லை. யாருக்கும் தெரியாமல் ஆளைக் கூப்பிட்டு எண்ணூறுக்கு இறக்கி வைத்திருந்தார். பக்கத்தில் வக்கீல் குமாஸ்தா நின்றிருந்தார், பால்கோவாக் கடை அம்மா நின்றிருந்தார், பேப்பர் வாங்க வந்த இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, கண்ணு சரியில்லையா?"